வேப்பமரத்தில் பால் வடிந்த மாசி மாதம்

புளித்த கள் வாசனை... திண்டிவனத்தில் இருந்த எங்கள் பழைய வீட்டை நினைத்தால் முதலில் மூக்குக்கு வருவது அதுதான்.

தப்பாக நினைக்காதீர்கள், வீட்டில் யாரும் குடிப்பதில்லை! வாசனை வந்தது வாசலில் நின்ற வேப்பமரத்தில் இருந்து. ஒரு மாசி மாதக் காலையில் அதன் உடம்பிலிருந்து வெள்ளையாக, நுரை நுரையாகப் பால் வடிய ஆரம்பித்தது.

அவ்வளவுதான். மத்தியானத்துக்குள் தெருவே கூடிவிட்டது. அம்மா மஞ்சள் கரைத்துப் பூசி, குங்குமம் வைத்து, தன் பட்டுப்புடவையையே எடுத்து வந்து மரத்தின் அடியில் சுற்றிக் கட்டினார். பெருமுக்கல் பக்கத்தில் இருந்தெல்லாம் ஷேர் ஆட்டோவில் ஆட்கள் வந்தார்கள். அப்போதுதான் நான் விழுப்புரத்தில் ஒரு ஹார்டுவேர் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தால், என் வீட்டுக்குள் போக நானே வரிசையில் நிற்க வேண்டியிருந்தது...

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. காரணம், செல்வி அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்து பெண் குழந்தை பெற்றிருந்தாள். மரத்தை ஒட்டி இருந்த சிமெண்ட் ஷீட் ரூமில்தான் தாயும் பிள்ளையும் படுத்திருந்தார்கள்.

"பேத்தி பொறந்த நேரம்... ஆத்தாளே வூடு தேடி வந்துட்டாடா!" என்று பார்ப்பவர்களிடம் எல்லாம் சொல்வார்.

அக்காவின் கவலை வேறு. அந்த மரத்துக்கும் ரூம் ஜன்னல் கம்பிக்கும் நடுவில்தான் துணி காயப்போடும் கொடி கட்டியிருந்தது.

"ஒரே பேஜாரா இருக்குதுடா. எத்தினி தடவ இழுத்துக் கட்னாலும் தொங்கிப் பூடுது. பாப்பா துணியெல்லாம் மண்ணுல பொரளுது."

கயிறு மட்டம் என்று நினைத்து, கடையில் இருந்து நல்ல நைலான் கயிறு வாங்கி வந்து விறைப்பாகக் கட்டினேன். பங்குனியில் ஒரு நாள் காற்றும் மழையுமாக அடித்தது. மறுநாள் பார்த்தால் அதுவும் தொங்குகிறது.

அன்றைக்குத்தான் அக்கா கயிற்றை விட்டுவிட்டு மரத்தைப் பார்த்தாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருப்பக்கமாகச் சுற்றி வந்தாள். அந்தப் பக்கம்தான் போன வருஷம் கால்வாய் தோண்டும்போது வேர்களை வெட்டியிருந்தார்கள். இப்போது அங்கே மண் பிளந்து கிடந்தது. அம்மா கட்டிய புடவையை விலக்கினால், அடியில் கொத்துக் கொத்தாகக் காளான். பட்டை விரிந்த இடத்தில் ஒரு விளக்குமாற்றுக் குச்சியை விட்டுப் பார்த்தாள். முழுசாக உள்ளே போய்விட்டது.

மேலே நிமிர்ந்தால் மரம் பச்சைப் பசேலென்று பூத்துக் குலுங்கிக்கொண்டு இருந்தது...

"கயிறு நீளலடா. மரம் நம்மாண்ட வந்துக்கினு இருக்குது" என்றாள் அக்கா.

மரத்தை எடுக்க வேண்டும் என்றதும் அம்மா ஆடித் தீர்த்துவிட்டார். "பால் குடுக்கிற ஆத்தா மேல கோடாலி வெப்பீங்களா? கொலம் வெளங்குமா?" சண்டை என்றால் எங்கள் அப்பா டீக்கடைக்குப் போய்விடுவார். அன்றைக்கும் போய்விட்டார்.

அக்கா குரலை உயர்த்தவே இல்லை. "சரிம்மா. அப்ப நான் பாப்பாவத் தூக்கிக்கினு என் மாமியார் வூட்டுக்கே போறேன்" என்று பையில் துணியை அடுக்கத் தொடங்கினாள். பிள்ளை பெற்ற பெண், தாய்வீட்டில் சீர் செய்து அனுப்புவதற்கு முன்னால் தானாகக் கிளம்பிப் போவது எங்கள் பக்கத்தில் பெரிய அவமானம். அம்மா வாசற்படியில் நின்று குழந்தையைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார்.

அப்புறம் போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈரப்புடவையோடு வந்தார். ஒரு பித்தளைச் சொம்பில் தண்ணீரும் அதே மரத்து வேப்பிலையும் வைத்து, கற்பூரம் ஏற்றினார்.

"தாயே... பச்சப் புள்ள படுக்கிற எடம் இது. எழுந்து எங்கூட வந்துடு. கோவம்னா எம் மேல காட்டு, அதுங்க மேல வேணாம்."

சொம்பைத் தலையில் வைத்துக்கொண்டு தெருமுனை மாரியம்மன் கோயில் வரைக்கும் நடந்து போய் அங்கே இறக்கி வைத்தார். திரும்பி வந்து, புடவையைத் தன் கையாலேயே அவிழ்த்தார்.

மறுநாள் மரம் வெட்டுகிறவர்கள் கயிறு கட்டி, கிளை கிளையாக இறக்கினார்கள். அடிமரம் உள்ளே கூடாக இருந்தது. ஈரமான காபித்தூள் மாதிரி கையில் அள்ள அள்ள வந்தது. அம்மா வந்து பார்க்கவில்லை. எல்லாம் முடியும் வரை கதவைச் சாத்திக்கொண்டு பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

அந்தக் கோடையில் நிழல் இல்லாமல் ஷீட் ரூம் கொதித்தது. மத்தியானம் முழுக்கக் குழந்தைக்கு அம்மா விசிறிக்கொண்டே இருப்பார். மரத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசியதில்லை...

இப்போது விழுப்புரத்தில் சொந்த வீடு, ரூமுக்கு ரூம் ஏசி. தெருவில் ஒரு மரம் சாய்ந்தால் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறோம். சாயங்காலத்துக்குள் மெஷினோடு வந்து அறுத்துவிட்டுப் போகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் மரத்திடம் யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை.

அம்மா போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. அன்றைக்குப் பாப்பாவாக இருந்த யாழினி இப்போது காலேஜ் படிக்கிறாள். போன வாரம் லீவுக்கு வந்தபோது இந்தக் கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"மரத்துக்கு சீக்கு வந்ததுக்குக் கற்பூரம் காட்டியிருக்காங்க! ஆயா செம காமெடி இல்ல மாமா?"

நானும் சிரித்துவிட்டேன். ஆனால் மனசு கேட்கவில்லை.

"சிரி, சிரி... ஒனக்கோசரம் சாமியவே எழுந்து போவச் சொன்னவங்கடி ஒங்க ஆயா" என்றேன்.