ஓகஸ்டுக்குத் தள்ளிவைத்த சாமத்தியவீடு

என் தங்கையின் மகள் பெரியபிள்ளையானது பெப்ரவரியில், அரைத்தவணை விடுமுறையின் கடைசி நாள். வயதுக்கு வந்ததைக் கொண்டாடும் சாமத்தியவீடு ஓகஸ்டில். அந்த நாளைத் தீர்மானித்தது பஞ்சாங்கம் அல்ல. குரோய்டனில் மண்டபம் கிடைத்த சனிக்கிழமை. லண்டனில் இது வழக்கம்தான். இரண்டு வருடம் கழித்துச் செய்தவர்களையும் எனக்குத் தெரியும்.

பிள்ளைக்கு அது வேண்டாம். "பெரியம்மா, வீடியோ எடுத்து ஒன்லைன்லை போடுவினம். ஸ்கூல்லை எல்லாரும் பாப்பினம். நீங்கள் அம்மாவோடை கதையுங்கோ, பிளீஸ்."

அந்த வசந்தகாலம் முழுவதும் நோர்பரியில் ஒரு வாசிப்பு வட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஆபிரிக்கப் பெண்ணியவாதிகளின் கட்டுரைகளை வாசித்தோம். அவர்கள் இரண்டு பக்கத்தையும் ஒன்றாகச் சந்தேகித்தது எனக்குப் பிடித்திருந்தது: 'இது எங்கள் பண்பாடு' என்று பெண்ணின் வாயை அடைக்கும் வீட்டையும், அதே பண்பாட்டை மினுக்கிப் படமெடுத்து விற்கும் இன்றைய சந்தையையும். வட்டத்தை நடத்தியவர் கானா நாட்டவர், ஓய்வுபெற்ற நேர்ஸ். அவர் சடங்குகளை வெறுக்கவில்லை. தங்கள் ஊரிலும் பெண்பிள்ளைகளுக்குச் சடங்கு உண்டு என்றார். "யார் பார்ப்பதற்காகச் செய்கிறீர்கள் என்று மட்டும் தங்கையிடம் கேளுங்கள்."

கேட்டேன். மே மாதம், ஒரு ஞாயிறு, தங்கையின் குசினியில், அவள் சமைத்துக்கொண்டிருந்தபோது.

"ஆர் பாக்கிறதுக்கோ? சனம் பாக்கிறதுக்குத்தான்! இத்தினை வருசமா எல்லாற்றை பிள்ளையளின்ரை சாமத்தியத்துக்கும் சீலை உடுத்திப் போய் நிண்டனான். என்ரை பிள்ளைக்கு ஒருத்தரும் வரவேண்டாமோ?"

"அவள் வேண்டாம் எண்டுறாள்."

"அவள் கத்தரிக்காயும்தான் வேண்டாம் எண்டுறாள். அக்கா, உங்கடை ஆபிரிக்கப் புத்தகத்தை மூடி வையுங்கோ. அவையின்ரை கலியாணங்களைப் பாத்தனீங்களோ? எங்களை விடப் பெரிசு."

வட்டத்திலிருந்த ஆபிரிக்கப் பெண்களே நொந்துகொள்ளும் விஷயம் அது.

கடைசியில், பிள்ளையைப் பல்லக்கில் தூக்கிவரும் யோசனையைத் தங்கை விட்டுக்கொடுத்தாள். வீடியோவை விடவில்லை.

மண்டப வாசலில் பிள்ளையின் ஆளுயரப் படம் வைத்திருந்தார்கள். படம் பிடித்தவர் அவளைச் சுண்ணாம்புபோல வெளுக்கவைத்து, மூக்கையும் ஒடுக்கியிருந்தார். பிள்ளை மூன்று தரம் உடுப்பு மாற்றினாள். சிரிக்கச் சொன்னபோதெல்லாம் சிரித்தாள். நான் முன்வரிசையில், சீலை உடுத்தி, கை தட்டிக்கொண்டிருந்தேன்.

செப்டெம்பரில், பள்ளி தொடங்கிய வாரம், அவர்கள் வீட்டுக்குப் போனேன். பிள்ளை போனைக் காட்டினாள். அந்த வீடியோவை அவளே போட்டிருந்தாள்.

"நீதானே வேண்டாம் எண்டனீ?"

"ஓம். ஆனா எல்லாரும் வடிவு எண்டு போட்டிருக்கினம், பெரியம்மா." வீடியோவை நிறுத்தி, அதிலும் வெளுத்திருந்த தன் முகத்தைப் பெரிதாக்கினாள். "நேரிலை நான் இப்பிடி இல்லைத்தானே?"

"நேரிலைதான் நீ வடிவு."

"நீங்கள் அப்பிடித்தான் சொல்லுவீங்கள்."

பிறகு திரையில், தோலை வெளுக்கவைக்கும் ஒரு கிறீமின் படத்தை எடுத்து, அம்மாவுக்குத் தெரியாமல் வாங்கித்தர ஏலுமோ என்று கேட்டாள். எனக்கு அதைத் தெரியும். தோர்ன்டன் ஹீத்தில் எங்கள் தமிழ்க் கடையிலும் விற்கிறார்கள், பக்கத்து ஆபிரிக்கக் கடையிலும் விற்கிறார்கள்.