சண்முகவேல் அண்ணாச்சியின் டென்னிஸ் பட்டியல்

செங்கோட்டையிலிருந்து தென்காசிக்கு டவுன் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோது செய்தி வந்தது. பேசியவர் அண்ணாச்சியின் பக்கத்து வீட்டுக்காரர். "அண்ணாச்சி போயிட்டாங்கம்மா. மத்தியானம் சாப்பிட்டுட்டு சேர்ல உக்காந்தவங்கதான்." அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். வெயிலோடு சேர்ந்து சாரல் விழுந்துகொண்டிருந்தது. எந்தப் பக்கம் போகவேண்டும் என்பதே சற்று நேரம் பிடிபடவில்லை.

புள்ளியியல் ஆய்வாளர் சண்முகவேல் அண்ணாச்சிக்கு அடுத்த மேசையில்தான் என் உத்தியோக காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. அவரோடு வேலை பார்த்த உங்களில் பலருக்கு அச்சன்புதூர் நெல் மகசூல் விவகாரம் நினைவிருக்கும். குலுக்கலில் வந்த சில வயல்களில் சிறு சதுரம் அளந்து, அறுத்து, எடை போட்டு, மொத்த விளைச்சலை மதிப்பிடுவது எங்கள் வேலை. அண்ணாச்சி மதிப்பீட்டை எழுதி, அது எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்பதையும் கீழே எழுதினார். மேலதிகாரி எரிச்சலாகி, "ஒரே நம்பரா குடுங்க" என்றார்.

"ஒரே நம்பர்னா அது பொய்யால்லா சார் இருக்கும்? நாம பாத்தது நாலு வயலு. மிச்சத்தப் பாக்கல. பாக்கலங்கதையும் எழுதணும்லா."

அறிக்கை இரண்டு முறை திரும்பி வந்தது. மூன்றாம் முறையும் அப்படியேதான் அனுப்பினார்.

அவருடைய ஒரே மகள் கோமதி. குற்றாலத்தில் ஒரு பழைய பங்களாவின் சிமெண்ட் தரையில் டென்னிஸ் பழகி, பத்தாம் வகுப்போடு சென்னை விளையாட்டு விடுதிக்குப் போனவள். பிறகு தொழில்முறை ஆட்டக்காரியாகி, பெயர் தெரியாத ஊர்களின் சின்னப் போட்டிகளுக்கெல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போய்வந்தாள். உலகத் தரவரிசையின் அடிவாரத்தில் அவள் பெயரும் இருந்தது. கடந்த ஓராண்டில் எந்தப் போட்டியில் எத்தனை சுற்று தாண்டினாய் என்பதுதான் அந்த வரிசைக்குக் கணக்கு. யாரைத் தோற்கடித்தாய் என்று அது கேட்பதில்லை. அண்ணாச்சிக்கு இது பொறுக்கவில்லை.

"பெரிய ஆளோட மோதி மூணு செட் போராடித் தோத்தவளுக்கு ஒண்ணும் கெடையாது. எதிராளி காலு பிசகி வெலகிட்டா, நின்னவளுக்குப் பாயிண்டு. இது என்ன கணக்கு தங்கச்சி?"

அதனால் சொந்தமாக ஒரு கணக்கு போட்டார். சதுரங்கக்காரர்கள் செய்வதைப்போல, பலசாலியை வென்றால் மதிப்பெண் நிறைய ஏறும்; சாதாரண ஆளிடம் தோற்றால் நிறைய இறங்கும். ஞாயிறுதோறும் வாரத்தின் முடிவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார். நானும் போய் உதவியிருக்கிறேன். ஒவ்வொருத்தி பெயருக்கும் எதிரே இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது அவளுடைய மதிப்பெண். இரண்டாவது, அந்த மதிப்பெண் உண்மையில் எவ்வளவு கூடவோ குறையவோ இருக்கலாம் என்பது. குறைவாக ஆடியவளுக்கு இரண்டாவது எண் பெரிதாக இருக்கும். அதாவது, இவளைப் பற்றி நமக்கு இன்னும் சரியாகத் தெரியாது.

ஒரு ஆடி மாதம் கோமதி தோள்பட்டை வலியோடு வீட்டுக்கு வந்தாள். பல மாதம் ஆடாததால் தரவரிசையில் எங்கோ போயிருந்தாள். அன்று நானும் அங்கே இருந்தேன்.

"ஊர் கணக்கு எனக்குத் தெரியும்ப்பா. உங்க கணக்கு என்ன சொல்லுது? இன்னும் ஆடவா, வேண்டாமா?"

அண்ணாச்சி திரையைப் பார்த்தபடியே சொன்னார். "இதுக்கு மேல ஏறாதுன்னு சொல்லுது."

மறுமாதம் ஓசூரில் ஒரு கம்பெனி வேலைக்குப் போய்விட்டாள். அதன்பிறகு தீபாவளிக்கு ஒரு போன், பொங்கலுக்கு ஒருமுறை வந்துபோவது, அவ்வளவுதான்.

இரண்டு வருடத்துக்கு முன், தண்ணீர் வற்றிக் கிடந்த ஐந்தருவிப் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தோம். அண்ணாச்சி திடீரென்று ஆரம்பித்தார்.

"அவகிட்ட ஒரு நம்பரத்தான் சொன்னேன் தங்கச்சி. ரெண்டாவதச் சொல்லல. அவ ஆடுனதே கொஞ்சம். என் கணக்குக்கு அவளப் பத்தி ஒண்ணுமே தெரியாது. அதச் சொல்லிருந்தா மறுபடியும் பையத் தூக்கிட்டுப் போயிருப்பா. அவ அம்மையும் போயிட்டா, இவளாவது பக்கத்துல இருக்கட்டும்னு நெனச்சேன்."

"இப்பவாவது சொல்லுங்க அண்ணாச்சி."

"சொல்லுதேன். இந்தப் பொங்கலுக்கு வருவாள்லா."

அந்தப் பொங்கலுக்கு அவள் வந்தாள். அவர் சொல்லவில்லை. அடுத்த பொங்கலுக்கு அவள் வரவில்லை.

மூன்றாம் நாள் அஸ்தி கரைக்கக் குற்றாலம் போனோம். ஈரச் சேலையோடு படியில் உட்கார்ந்திருந்த கோமதியிடம், அப்பா சொல்லாமல் விட்ட அந்த இரண்டாவது எண்ணைப் பற்றி நான்தான் சொன்னேன். அவள் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மேல எதுவரைக்கும் போயிருக்கலாம் அத்தை?"

"பெரிய போட்டிகளோட தகுதிச் சுற்று வரைக்கும்."

"கீழ?"

"அப்ப நீ இருந்த எடத்துக்கும் கீழ."

"கீழ போனாலும் ஆடிருப்பேன். அவரு கணக்கு தெரியணும்னா கேட்டேன்? 'ஆடு'ன்னு சொல்லுவாருன்னுதான் கேட்டேன்." பிறகு என்னை நேராகப் பார்த்தாள். "உங்களுக்கு ரெண்டு வருசமாத் தெரியும். நீங்க ஏன் அத்தை சொல்லல?"

அப்பாவும் மகளும் பேச வேண்டிய விஷயம் என்று இருந்துவிட்டேன்.

ஓசூருக்குக் கிளம்பும்போது, "எனக்கு வேண்டாம், நீங்களே வச்சுக்கோங்க" என்று அவருடைய கம்ப்யூட்டரை என்னிடம் தந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை திறந்து பார்த்தேன். உலகத் தரவரிசை கோமதியின் பெயரை எப்போதோ கைவிட்டுவிட்டது. அண்ணாச்சியின் பட்டியலில் அவள் இருந்தாள். ஆடாதவர்களுக்கு முதல் எண் அப்படியே நிற்கும். நிச்சயமின்மை மட்டும் வாரத்துக்கு வாரம் கூடும். அவள் பெயருக்கு எதிரே அந்த இரண்டாவது எண் பட்டியலிலேயே பெரிதாக வளர்ந்திருந்தது. இத்தனை வருடங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அவர் அந்த வரியைப் புதுப்பிக்காமல் விட்டதில்லை.

இதையாவது உடனே சொல்லிவிட வேண்டுமென்று கோமதிக்குப் போன் செய்தேன். அவள் எடுக்கவில்லை. எழுதி அனுப்பியிருக்கிறேன்; இதுவரை பதில் இல்லை.

அண்ணாச்சியை நேர்மையானவர் என்று நீங்கள் எல்லோரும் சொல்கிறீர்கள். நானும் சொல்கிறேன். ஒரே ஒருமுறை அவர் பாதிக் கணக்கைச் சொன்னார். அதைத் திருத்தாமலே போய்விட்டார். தெரிந்தும் நான் சும்மா இருந்தேன். அந்தப் பட்டியலும், சும்மா இருந்த அந்த இரண்டு வருடமும்தான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை. இரண்டையும் நான் வைத்துக்கொள்கிறேன்.