மாத்திரையை விட்ட மாதம்

பேருந்துப் பணிமனையில் அவளை எல்லோரும் ஸ்பேனர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். யாருக்கும் அசையாத நட்டு கடைசியில் அவளிடம்தான் வரும். அடியில் படுத்துப் பழுது பார்த்த வண்டிகளை மேலே உட்கார்ந்து ஓட்ட வேண்டும் என்பது அவள் ஆசை. ஓட்டுநர் தேர்வு முடியும்வரை குழந்தை வேண்டாம் என்று கணவனோடு பேசிவைத்து, கருத்தடை மாத்திரை போட்டுவந்தாள்.

தலைவலி விடாமல் படுத்தவே மருத்துவரிடம் போனாள். ரத்த அழுத்தம் ஏறியிருந்தது.

"கருத்தடை மாத்திரையால ஏறியிருக்கலாம். இன்னையோட நிறுத்திடும்மா. வேற வழி இருக்கு, அடுத்த வாரம் வா" என்றார் அந்த மருத்துவர் அம்மா.

பணிமனையில் வேலை குவிந்து கிடந்ததில் அவள் போகவில்லை.

"இத்தனை வருஷம் போட்ட மாத்திரை உடம்புலயே தங்கியிருக்கும். ஒரு வருஷத்துக்குக் கவலையே இல்ல" என்றாள் நாத்தனார். அவள் அடித்துச் சொன்னதில் இவளும் நம்பிவிட்டாள்.

அந்த மாதம் மாதவிலக்கு வரவில்லை. நிறுத்தினால் தள்ளித்தான் போகும் என்று நாத்தனார் அதற்கும் பதில் வைத்திருந்தாள். ஸ்பேனர் அக்கா இந்த முறை மருந்துக்கடைக்குப் போய்க் கர்ப்பப் பரிசோதனை அட்டை வாங்கினாள். இரண்டு கோடுகள் தெரிந்தன.

"மாத்திரை அப்படியெல்லாம் தங்காதும்மா. விட்ட உடனேயே கரு நிக்கலாம். விலக்கு வந்தப்புறம் வேற வழி பார்த்துக்கலாம்னு காத்திருக்கக் கூடாது" என்றார் மருத்துவர். ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது ஆறுதல்.

வீட்டில் கணவன் வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"என்ன பண்ணப்போற?"

"பெத்துக்கப்போறேன். தேர்வுக்கும் போகப்போறேன்."

"ரெண்டுமா?"

"ரெண்டுந்தான். நீ பாத்திரம் கழுவவும் பழகிக்க."

தேர்வன்று மேற்பார்வையாளர் அவள் வயிற்றைப் பார்த்துத் தயங்கினார்.

"அடுத்த வருஷம் பார்த்துக்கலாமேம்மா."

"டாக்டர் ஓட்டலாம்னு சொல்லிட்டாங்க சார். சாவியக் குடுங்க."

இருக்கையைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொண்டாள். குறுகலான வாசல் வழியாக வண்டியைப் பின்பக்கமாகவே எடுத்து, எங்கும் உரசாமல் நிறுத்தினாள். தேறிவிட்டாள்.

பெண் குழந்தை பிறந்தது. அடுத்த பரிசோதனையிலேயே, "இந்தத் தடவை ஊர்ப் பேச்சு வேண்டாம், நீங்களே சொல்லுங்க டாக்டர்" என்று விவரமாகக் கேட்டுக் கருத்தடைக்குக் காப்பர்-டி வைத்துக்கொண்டாள்.

விடுப்பு முடிந்த காலை, கணவன் குழந்தையை வாங்கிக்கொள்ள, ஓட்டுநராக முதல் நாள் வேலைக்குக் கிளம்பினாள். நிலையத்தில் வண்டி நிறையப் பயணிகள்.  இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டு கியரைப் போட்டாள்.