உயிரோடிருப்பவளின் பெயரில் ஒரு பெஞ்சு

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் இஸ்திரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆவி கக்கும் பெரிய உருளை இயந்திரத்துக்கு முன்னால் நாள் முழுவதும் நின்று, ஈர விரிப்புகளை இந்தப் பக்கம் கொடுப்பாள்; அந்தப் பக்கம் அவை மொடமொடவென்று வெளியே வரும். முழங்கைவரை சூடு பட்ட தழும்புகள். "கவர்மெண்டு குடுக்காத மெடலெல்லாம் மெஷின் குடுத்திருக்கு" என்று கையைக் காட்டிச் சிரிப்பாள். அவள் அழுது அங்கே யாரும் பார்த்ததில்லை.

ஒருநாள் கொதிகலன் படுத்துவிட்டது. வேலை செய்தவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எலெக்ட்ரீஷியனான அவள் கணவனும் அன்று சும்மாதான் இருந்தான்.

"ஆத்தங்கரை கோயிலுக்குப் போயிட்டு வரலாமா? அங்க போனாலே நிம்மதியா இருக்குமாம்" என்றான்.

"நீங்க அரைமணி நேரம் பேசாம இருந்தா எனக்கு வீட்டுலயே நிம்மதிதான். சரி, கெளம்புங்க."

ஆறு வளையும் இடத்தில் சிறிதும் பெரிதுமாகச் சன்னிதிகள். நடுவே கல் பாவிய முற்றங்கள், நிழல் கொட்டும் மரங்கள். வாசலில் செருப்பை விட்டு உள்ளே நடந்தபோது கல்லின் குளிர்ச்சி உள்ளங்காலில் ஏறியது. யாரும் யாரையும் நெருக்கவில்லை. ஒரு சன்னிதியில் மணி அடித்தால் அந்த ஓசை தண்ணீருக்கு மேலே போய் மெல்ல அடங்கும்வரை கேட்டது. படித்துறையில் வெளியூர்க்காரர்கள் காலை நனைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். இயந்திர இரைச்சலிலேயே பழகிய அவளுக்கு முதலில் காது அடைத்துக்கொண்டதோ என்றுகூடத் தோன்றியது.

எல்லா சன்னிதியும் சுற்றிவிட்டு, ஆற்றைப் பார்த்துப் போட்டிருந்த ஒரு கல் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்தாள். கணவன் பின்பக்கம் நின்றுகொண்டிருந்தான்.

"ஏய், இதுல உன் பேரு போட்டிருக்கு."

"உலகத்துல என் பேரு எனக்கு மட்டுந்தானா?"

"இனிஷியலும் உன்னோடதுதான்." சிரித்துக்கொண்டே சொன்னவன் சட்டென்று நிறுத்தினான். "பொறந்த தேதியும்."

அவள் எழுந்து பின்னால் போனாள். சாய்வுக்கல்லில் அவள் பெயர். பிறந்த தேதி. ஒரு கோடு. அதற்குப் பக்கத்தில் இறந்த வருடம். கீழே, 'எங்கள் ஒரே மகளின் நினைவாக' என்று எழுதி, அவளுடைய அப்பா பெயரும் அம்மா பெயரும்.

அவள் பக்கத்திலிருந்த மரத்தைப் பிடித்துக்கொண்டாள். இருபது வருடத்துக்கு முன்னால், வீட்டுக்கு ஒயரிங் வேலைக்கு வந்த இவனோடு சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போனவள் அவள். குழந்தை பிறந்தபின் ஒரே ஒரு தடவை பிறந்த வீட்டு வாசலில் போய் நின்றாள். அம்மா கதவைப் பாதி திறந்து, "அப்பா உன்ன தலை முழுகிட்டாரு. இனிமே இந்தப் பக்கம் வராத" என்று சாத்திவிட்டாள். தலை முழுகியதென்றால் இப்படிக் கல்லில் வெட்டி வைக்கிற அளவுக்கா?

சருகு கூட்டிக்கொண்டிருந்த பெண்ணைக் கூப்பிட்டு, இந்த பெஞ்சு யார் போட்டது என்று கேட்டாள்.

"ஒரு பெரியவருங்க. ரயில்வேல டிக்கெட் செக் பண்ணுற வேலையில இருந்தாராம். மாசத்துல மொத ஞாயித்துக்கிழமை வந்து அவரே தொடச்சிட்டுப் போவாரு. முன்னெல்லாம் அந்தம்மாவும் கூட வருவாங்க. பாவம், அவங்க தவறி நாலு வருஷம் ஆகுது." பெண் துடைப்பத்தைத் தரையில் தட்டினாள். "ஆனா அந்தம்மா ஒருநாளும் இதுல உக்காந்ததில்ல. அவரு எவ்வளவு சொன்னாலும் நின்னுட்டேதான் இருப்பாங்க."

அம்மா செத்துப்போன சேதி இப்படித்தான் அவளுக்குக் கிடைத்தது, முன்பின் தெரியாத ஒருத்தி வாயிலிருந்து.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு, கணவனை வாசலிலேயே நிறுத்திவிட்டு, அவள் மட்டும் போய் அந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். சண்டை போடத்தான் போனாள். கேட்க வேண்டியதையெல்லாம் பல நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள்.

அப்பா வந்தார். கண்ணில் தடித்த கண்ணாடி, ஒரு கையில் தண்ணீர் பாட்டில், மறு கையில் துணி. ரயிலில் முகத்தைப் பார்த்தே டிக்கெட் இல்லாதவனைக் கண்டுபிடித்துவிடுகிற மனுஷர், மகளை அடையாளம் தெரியாமல், "கொஞ்சம் எழுந்திருக்கிறீங்களாம்மா? தொடச்சிட்டுப் போயிடுறேன்" என்றார்.

அவள் எழவில்லை. "யாருக்காகப் போட்டது இது?"

"என் பொண்ணுக்கு."

"எப்படிச் செத்தா?"

அந்தக் கேள்வியின் கடுமை அவரைத் தொட்டதாகத் தெரியவில்லை. "பிரசவத்துல. கொழந்தையும் தங்கலயாம். என் முகத்துல முழிக்காம போனவ, போயே போயிட்டா."

"நீங்க போய்ப் பாத்தீங்களா?"

"அவ அம்மாதான் போய்ப் பாத்தா. எல்லாம் முடிஞ்சுபோச்சு, நீங்க பாக்க வேணாம்னா. அதுக்கு முன்னாடி நான் கம்பிய எடுத்துட்டு அவளக் கூட்டிட்டுப் போன பையனத் தேடி அலைஞ்சிட்டிருந்தேன். கையில கெடச்சிருந்தா கொன்னிருப்பேன். இவ செத்துட்டான்னு கேட்டதும் எல்லாம் விட்டுப்போச்சு."

அப்பா கையால் தன் கணவன் சாகாமலிருக்கத்தான் அம்மா அப்படிப் பொய் சொன்னாள் என்பது அவளுக்குப் புரிந்தது. அதற்குப் பிறகும் மாதாமாதம் இங்கே வந்து, கணவர் அழுவதைப் பார்த்துக்கொண்டு எப்படி நின்றாள் என்பதுதான் புரியவில்லை.

"அப்பா" என்றாள்.

பாட்டில் அவர் கையிலிருந்து நழுவிக் கல்லில் உருண்டது. அவர் கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். பக்கத்தில் வந்து குனிந்து அவள் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மகள் பெயரைச் சொல்வார் என்று அவள் எதிர்பார்த்தாள்.

"உங்கம்மா பொய் சொல்ல மாட்டாளே" என்றார் அவர். "என்கிட்ட அவ பொய்யே சொன்னதில்லையே."

அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அவள் கீழே இறங்கி அவர் தோளைப் பிடித்துக்கொண்டபோதுதான் அழுகை வந்தது, இருவருக்கும். தூரத்தில் சிலர் திரும்பிப் பார்த்துவிட்டு, கோயிலில் அழுகிறவர்களை விட்டுவிட வேண்டும் என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

வாசலில் மருமகனைக் கண்டதும் பெரியவர் நின்றுவிட்டார். அவனும் ஒதுங்கி நின்றான். கடைசியில், "செருப்பு எங்க விட்டீங்க, மாமா?" என்று கேட்டான். அவர் கை நீட்டிய இடத்திலிருந்து எடுத்து வந்து காலடியில் வைத்தான். அன்றைக்கு இருவருக்குள்ளும் நடந்த பேச்சு அவ்வளவுதான்.

பேத்தி காலேஜில் படிக்கிறாள் என்று கேட்டு அவர் இரண்டாம் முறை அதிர்ந்தார். இப்போது வாரம் தவறாமல் வருகிறார். பேத்தியோடு சிரிக்கிறார், மருமகனிடம் ஃபேன் சுற்றவில்லை என்று குறைப்படுகிறார். ஆனால் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே திடீரென்று கை நின்றுவிடும். "நீ கொழந்தையோட வந்தன்னிக்கி நான் எங்க இருந்தேன்?" என்பார். "உள்ள தூங்கிட்டிருந்தீங்க" என்பாள் இவள். அவர் தட்டைப் பார்த்தபடியே இருப்பார்.

போன மாதம் அவள் தன் பிறந்த வீட்டுக்குப் போனாள். கூடத்துச் சுவரில் அம்மாவின் படம். கடைசி வருடத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும்; அவள் அறிந்த அம்மாவைவிட மிகவும் இளைத்திருந்தாள். கோபமா, துக்கமா, நன்றியா என்று தனக்கே தெரியாமல் அவள் அதன் முன்னால் நின்றாள்.

"ஏன் அப்படிச் சொன்னேன்னு கேளு" என்றார் அப்பா பின்னாலிருந்து. "நானும் தெனம் கேக்குறேன்."

அவளால் கேட்க முடியவில்லை. சமையலறைத் தொட்டியில் அவர் கழுவாமல் போட்டிருந்த பாத்திரங்கள் தெரிந்தன. போய்க் குழாயைத் திறந்தாள்.