என் கடை வாசலில் நின்ற பயிர் டாக்டர்

விஸ்வநத்தம் போகும் பட்டாசுக் கம்பெனி வேன்கள் காலையில் என் பூச்சிமருந்துக் கடை முன்னால்தான் நிற்கும். போன வாரம் அங்கே வைத்துத்தான் சேதி வந்தது. "அண்ணாச்சி, டாக்டரம்மா தவறிட்டாகளாம். மாரடைப்பாம்" என்றார் டிரைவர். ஏற்றிய ஷட்டரை எதற்கென்றே தெரியாமல் இறக்கினேன், மறுபடி ஏற்றினேன். இன்றுவரை ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

டாக்டரம்மா என்று நாங்கள் கூப்பிடும் செல்வராணி, வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் பயிர்நோய் விஞ்ஞானி. மக்காச்சோளத்தில் படைப்புழு இறங்கிய வருஷம், உடனே என்ன செய்ய வேண்டும் என்று எல்லார் செல்போனுக்கும் காலையிலேயே தகவல் அனுப்பினார். அப்போது தீபாவளி சீசன். நிலம் வைத்திருந்தவர்களில் பாதிப் பேர் கம்பெனிக்குள் இருந்தார்கள். அங்கே செல்போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ராத்திரி அசதியில் தகவலை யார் பார்த்தார்கள்? லீவு நாளில் சோளக்காட்டுக்குப் போனால் குருத்தெல்லாம் சல்லடை.

மறுநாளே டாக்டரம்மா என் கடை வாசலுக்கு வந்துவிட்டார். வேனுக்கு நின்ற பெண்களிடம், "உங்க வேலை எப்படின்னு கேக்காமலே அனுப்பிட்டேன். தப்பு என்னோடதுதான்" என்றார். இனி காலையில் இங்கேதான் நின்று, இலையைப் பார்த்து யோசனை சொல்வேன் என்றதும் எனக்கு எரிச்சல் வந்தது.

"எங் கடை வாசல்ல நின்னே மருந்து வேண்டாம்னு சொல்லப் போறீகளாக்கும்?"

"வேண்டாத அன்னைக்கு வேண்டாம்னு சொன்னாத்தான் அண்ணாச்சி, வேணுங்கிற அன்னைக்கு நம்புவாக."

வியாபாரம் கொஞ்சம் படுத்தது, பொய் சொல்ல மாட்டேன். ஒருநாள் வேனுக்கு வந்த ஆனைக்குட்டம் மாரியம்மாள் நீட்டிய இலையை டாக்டரம்மா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எல்லார் முன்னாலும் "தெரியலைம்மா, கேட்டுச் சொல்றேன்" என்றார். எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. மறுநாள் பதிலோடு நின்றார். அதற்கப்புறம் மாரியம்மாள் வேறு யாரிடமும் இலையைக் காட்டியதில்லை.

இன்று காலை அவள் என்னிடம் ஓர் இலையை நீட்டினாள். நான் பார்த்தே இராத கோடுகள். அலமாரியிலிருந்து எதை எடுத்துக் கொடுத்திருந்தாலும் வாங்கிப் போயிருப்பாள்.

"தெரியலை தாயி. கேட்டுச் சொல்றேன்" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு வேனில் ஏறினாள்.

வேன் போன பிறகுதான் உறைத்தது, நான் கேட்கிற ஆளே போய்விட்டார் என்று.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியது அந்த ஒரு வார்த்தைதான். இலையைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு, கடையைப் பூட்டிவிட்டு, ஆராய்ச்சி நிலையத்துக்குப் பஸ் ஏறிவிட்டேன். அங்கே அவர் இடத்தில் இப்போது யார் இருக்கிறாரோ தெரியாது. யாராக இருந்தாலும், நாளைக் காலை வேன் வருவதற்குள் அவரை என் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தாமல் விடப்போவதில்லை.