வெள்ளைப் பூ வரும்வரை

ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் வேலை செய்தவன் அவன். கம்ப்ரசர் குழாய் கழன்று வலது பக்க முகத்தில் அடித்துவிட்டது. மத்தியானம் எங்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். நான் அங்கே கண் மருத்துவர்.

இமையை விலக்கிப் பார்த்தேன். கண் வெளியே பிதுங்கி, விரலுக்குக் கல்லாகத் தட்டுப்பட்டது. டார்ச் அடித்ததும், "வெளிச்சம் தெரியுதுங்க, மங்கலா" என்றான். எனக்கு உயிர் வந்தது. கண்குழிக்குள் ரத்தம் கட்டி நரம்பை நெரித்துக்கொண்டிருந்தது. உடைந்த எலும்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கண்ணின் வெளியோரத்தை உடனே வெட்டி இறுக்கத்தைத் தளர்த்த வேண்டும். மரத்துப்போக ஊசி போட்டால் சில நிமிட வேலை.

"அம்மா சொன்னாச் சரிங்க" என்றான். முப்பது வயது ஆள்!

கட்டில் பக்கம் நின்ற அவன் அம்மா கையைப் பிசைந்தாள். "கண்ணுல கத்தி வெக்கறதுன்னா பூக் கேக்காம முடியாதுங்க. எங்க கோயலுக்குப் போய்ட்டு ஓடியாந்தர்றேன் சாமி."

சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்து அம்மன் முன்னால் போட்டு, ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு. நானும் அவர்கள் பக்கத்து வெண்ணந்தூர்க்காரிதான், என் கல்யாணமே பூக் கேட்டு முடிவானதுதான். அதில் அம்மன் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டாள் என்பது வேறு கதை. ஆனால் அன்றைக்கு எனக்குச் சாமி மேலேயே ஆத்திரம் வந்தது. வராந்தாவில் நின்று கத்தினேன்.

"இப்ப வெளிச்சம் தெரியுது. நீங்க திரும்பி வரும்போது தெரியாது. புரியுதா?"

அவள் மூத்த மகனின் பைக்கில் ஏறிப் போய்விட்டாள். நான் உள்ளே வந்து இவனிடம் கெஞ்சினேன். "அம்மா வந்தறட்டுங்க" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அழுத்தம் குறைக்கும் மருந்தை ஏற்றிவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெயில் தாழ்ந்த பிறகுதான் வந்தார்கள். "மொதத் தடவ செவப்புத்தானுங்க வந்துச்சு" என்றான் மூத்தவன். "அம்மா எந்திரிக்கவே மாட்டேன்னுருச்சு. மூணாவது தடவதான் வெள்ளை வந்துச்சுங்க."

வேண்டாம் என்ற சாமியோடு, வெட்டச் சொல்லி மல்லுக்கட்டியிருக்கிறாள். அங்கே எனக்காக வாதாடியது அவள்தான்.

வெட்டினேன். ரத்தம் வடிந்து கண் இளகியது. நல்ல கண்ணைப் பொத்திவிட்டு டார்ச்சைக் கிட்டத்தில் பிடித்தேன்.

"லைட்டு அடிச்சுட்டீங்களா டாக்டரம்மா?" என்று கேட்டான்.

பிறகு சேலத்தில் எலும்புக்குத் தகடு வைத்தார்கள். முகம் நேரானது, பார்வை வரவில்லை. மறுபடி என்னிடம் காட்ட வந்தபோது, அம்மாவை டீ வாங்கிவர அனுப்பிவிட்டுச் சொன்னான். "எங்கம்மா கேட்டா, அடிபட்டப்பவே போயிருச்சுன்னு சொல்லிருங்க."

அவள் டீயோடு வந்தாள். அவன் வெளியே போனதும் கேட்டாள். அன்றைக்குக் கோயிலிலிருந்து முந்தியே வந்திருந்தால் பார்வை நின்றிருக்குமா என்று.

"இல்லைங்கம்மா. அடிபட்டப்பவே போயிருச்சு."

அவள் டீ டம்ளரை மேசையில் வைத்தாள்.

"அன்னைக்கு வராந்தாவுல, வெளிச்சம் தெரியுதுன்னு கத்துனீங்களே சாமி" என்றாள்.