தவளைகள் வாய்மூடிய இடம்

மாரி தொடங்கி வயலில் தண்ணீர் கட்டிவிட்டால், எங்கள் வீட்டு வாசல் படலையில் கண்ணை மூடிக்கொண்டு நின்றே, வரம்பில் ஒருவர் எந்த இடத்தில் நடக்கிறார் என்று என்னால் சொல்ல முடியும். இதில் வித்தை எதுவும் இல்லை. ஆள் நடக்கும் இடத்தில் தவளைகள் வாயை மூடும். ஆள் தாண்டிப் போனதும் பின்னால் மீண்டும் தொடங்கும். அந்தப் பெரிய இரைச்சலுக்கு நடுவே ஓர் ஓட்டை நகர்ந்துகொண்டு போகும். ஓட்டைக்குள் ஆள் இருப்பார்.

கண்டாவளைப் பக்கம் என் வயதில் உள்ள பலரும் இதைப் பழகியது, யுத்தத்தில் இடம்பெயர்ந்த அந்தக் கடைசி மாரியில். வெளிச்சம் காட்டக்கூடாது, வாய் திறக்கக்கூடாது. வயலைக் கடக்க வேண்டி வந்தால் முன்னால் போகிறவர் வரம்போரம் குந்தியிருந்து கேட்பார். "தவளை கத்துது. ஆக்களில்லை, வாங்கோ" என்பார். நாங்கள் எழும்பி நடப்போம். என் மனைவியின் தோளில் மகள் கிடப்பாள். அப்போது அவள் கைக்குழந்தை.

அந்தப் பிள்ளை இப்போது உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கிறாள். போன மாரியில் பள்ளிக்கூடச் செயற்றிட்டத்துக்கு அவள் எடுத்த விடயம் தவளைகளின் குரல். மைம்மல் பொழுதில் வயலுக்குள் நின்று, எந்த இனம் எப்போது கத்தத் தொடங்குகிறது என்று போனில் பதிய வேண்டும். வீட்டில் சாப்பாட்டு நேரமும் அதே கதைதான்.

"கத்துறது எல்லாம் ஆண்தான் அப்பா. பெண் பேசாமல் இருந்து கேக்கும். பிறகு நல்லாக் கத்துறவரிட்டப் போகும்."

"இந்த வீட்டில மறுவளம்," என்றேன்.

"கத்தினாத்தானே உங்களுக்குக் காது கேக்குது," என்றாள் மனைவி.

"இன்னொண்டு சொல்லட்டா? தவளை விழுங்கேக்க கண் ரெண்டும் உள்ளுக்குப் போகும். கண்ணாலதான் சாப்பாட்டைத் தொண்டைக்குள்ள தள்ளும்."

மனைவி கையில் இருந்த கவளத்தைச் சாப்பாட்டுக் கோப்பையில் திரும்ப வைத்தாள்.

இருட்டுகிற நேரத்தில் பிள்ளை தனியே வயலுக்குள் நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை. பாம்பு இருக்கிறது. எங்கள் நிலத்துக்குள் இன்னும் என்ன புதைந்து கிடக்கிறது என்று ஒருவரும் உறுதியாகச் சொல்வதில்லை. ஆனால் மறித்தால் அவளுடைய படிப்பை மறித்தவன் ஆவேன். கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். வாய்க்கால் மதகைத் தாண்டி அவள் போகக்கூடாது. நான் படலையில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

முதல் நாட்களில் அவள் வரம்பில் மெல்ல மெல்ல நடந்து பதிவு செய்தாள். ஓட்டை மதகுவரை போகும், திரும்பி வரும். அவள் வீட்டுக்கு வந்ததும், "இண்டைக்கு நடுவில திரும்பிக் கொஞ்சத் தூரம் வந்திட்டு மறுபடி போனனி, என்ன?" என்று கேட்டேன்.

"ஒளிச்சு வந்து பாத்தனீங்களோ?"

"படலையை விட்டு அசையேல்லை. காதாலதான் பாத்தனான்."

அவளுக்கு அது முதலில் வேடிக்கையாக இருந்தது. பிறகு முகம் மாறியது. தவளைகள் அடங்குவதன் காரணத்தைப் படிப்பிலிருந்தே எடுத்துச் சொன்னாள். தவளைக்குக் காதுமடல் இல்லை. கண்ணுக்குப் பின்னால் வட்டமாக ஒரு தோல், அதுதான் செவிப்பறை. அது மட்டும் போதாது என்று நிலத்தின் அதிர்வு முன்னங்கால் வழியே தோளுக்கு ஏறி, அங்கிருந்து உட்செவிக்குப் போகுமாம். "உங்களைக் காணமுதலே உங்கட நடை அதின்ர உடம்புக்குள்ள போயிடும் அப்பா," என்றாள்.

பிறகு ஒருநாள், மதியம் பெய்த மழை விட்டிருந்தது. வானம் கறுத்தபடியே கிடந்தது. அவள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு இறங்கினாள். ஓட்டை வழக்கம்போல வரம்பில் நகர்ந்து மதகடிக்குப் போய் நின்றது. கொஞ்ச நேரத்தில் அது எனக்குப் பிடிபடாமல் போயிற்று. காற்று மாறியிருக்கும் என்று நினைத்தேன். பிறகு காது மீண்டும் அதைக் கண்டுபிடித்தது. அது மதகைத் தாண்டி, குளத்துப் பக்கம், வாய்க்காலோரமாக மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது.

சொன்ன சொல்லை மீறிவிட்டாளே என்ற கோபம்தான் முதலில் வந்தது. படலையைத் திறந்துகொண்டு வரம்பில் இறங்கினேன். நான் நடக்க என்னைச் சுற்றியும் தவளைகள் அடங்கின. அதனால் இடையிடையே நின்று, அவை தூரத்தில் எங்கே கத்தவில்லை என்று கேட்க வேண்டியிருந்தது. உரத்துக் கூப்பிட்டிருக்கலாம். எனக்கு வயலுக்குள் உரத்துக் கூப்பிட வராது.

மதகைத் தாண்டி நின்று, "பிள்ளை," என்றேன், பக்கத்தில் நிற்பவருக்குச் சொல்கிற குரலில்.

முன்னால் நகர்ந்துகொண்டிருந்த ஓட்டை நின்றது.

"அதில நில்லு. நான் வாறன்."

அது அங்கேயே நின்றது. எனக்குப் பெரிய ஆறுதல். அதை நோக்கி இன்னும் நடந்தேன். அப்போது எனக்குப் பின்னால், மதகுப் பக்கமிருந்து, மகளின் குரல் கேட்டது.

"அப்பா, ஆரோட கதைக்கிறீங்கள்?"

திரும்பினேன். மதகின் சீமெந்துக் கட்டின்மேல் முழங்காலைக் கட்டிக்கொண்டு அவள் இருந்தாள். இருட்டில் நான் அவளைத் தாண்டித்தான் வந்திருக்கிறேன். நடந்துகொண்டு பதிந்தால் தவளைகள் அடங்குவதுதான் பதிவாகிறது என்று, அன்றைக்கு ஓரிடத்தில் ஆடாமல் இருந்து பார்த்தாளாம். அவளைச் சுற்றி அவை மறுபடி கத்தத் தொடங்கியிருந்தன. நான் தாண்டும்போதும் பதிவு கெட்டுவிடும் என்று பேசாமல் இருந்திருக்கிறாள்.

நான் ஓடிப்போய் அவளுக்குப் பக்கத்தில் கட்டின்மேல் ஏறினேன். போன் வெளிச்சத்தைப் போடப் போனவளின் கையைப் பிடித்துக்கொண்டேன். நாங்கள் அசையவில்லை.

ஓட்டை திரும்பி எங்களை நோக்கி வந்தது.

வாய்க்காலின் தூரத்து வளைவில் தவளைகள் நின்றன. பிறகு அதற்கு இப்பால் உள்ளவை. பிறகு மருதமரத்தடியில். ஒவ்வொரு வாயாக மூடிக்கொண்டே வந்து, கடைசியில் எங்கள் காலடியில் தனியே கத்திக்கொண்டிருந்த ஒன்றும் பாதிக் குரலில் நின்றது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. காலுக்குக் கீழே தண்ணீர் மட்டும் ஒருதரம் மேலெழும்பிச் சீமெந்துக் கட்டோடு மோதியது. மகளின் நாடி என் விரலுக்குள் அடித்தது. நெடுநேரத்துக்குப் பிறகு, எங்களுக்கு அப்பால் அடுத்த வயலில் தவளைகள் அடங்கின. எங்கள் காலடியில் ஒன்று தொடங்கியது.

விடிந்தபின் மூன்று பேரும் போய்ப் பார்த்தோம். வாய்க்கால் கரைச் சேற்றில் அகலமாக வயிறு இழுபட்ட தடம், நடுவே வாலின் கோடு, இரண்டு பக்கமும் நகம். மழைக்குக் குளத்திலிருந்து இறங்கிய முதலை.

"முதலையைப் போய்ப் பிள்ளை எண்டு கூப்பிட்டிருக்கிறீங்கள்," என்று மனைவி சிரித்தாள். "அதுவும் நிண்டு கேட்டிருக்குது, பாவம்." பிறகு அந்தத் தடத்தின் அகலத்தைத் தன் கையை விரித்துப் பார்த்தாள். அதன்பின் சிரிக்கவில்லை.

"நீ இருந்த இடத்தில தவளை கத்தினதோ?" என்று மகளைக் கேட்டாள்.

"ஓம் அம்மா. ஆள் ஆடாமல் இருந்தா அதுகளுக்கு ஆள் இல்லை. ஒண்டு என்ர சப்பாத்தில ஏறி இருந்தும் கத்தினது."

மனைவி என்னைப் பார்த்தாள். அவள் என்ன நினைத்தாள் என்பது எனக்குத் தெரியும். தவளை கத்துது, ஆக்களில்லை. அந்தச் சொல்லை நம்பி நாங்கள் எத்தனையோ வயல்களைக் கடந்தோம். அந்த இரைச்சலுக்குள் ஆடாமல் யார் யார் இருந்து, பிள்ளையோடு போகிற எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்? யாரும் இல்லாமலும் இருந்திருக்கலாம். இன்றுவரை நாங்கள் இருவரும் இதை வாய்விட்டுப் பேசவில்லை. ஆனால் மழை நாட்களில் வயல் இரைகிறபோது நான் இப்போது யன்னலைச் சாத்திவிடுகிறேன்.

வயலுக்கு இனிப் போகவே வேண்டாம் என்று மகளிடம் சொன்னேன். அவள் அழவில்லை. "அப்ப பாதியில விட்டிட்டன் எண்டு எழுதிக் குடுக்கிறன்," என்று மட்டும் சொன்னாள். பிறகு இரண்டு நாள் வீட்டில் தவளைக் கதையே இல்லை. மூன்றாம் நாள் நானே சொன்னேன், வாய்க்கால் பக்கம் வேண்டாம், வீதியோர மேட்டில் இருக்கலாம், நானும் வருவேன் என்று.

மேட்டில் இரண்டு பேரும் இருந்தோம். சுற்றிவர வயல் முழுவதும் கத்தியது, எங்களுக்குப் பக்கத்தில் மட்டும் ஒன்றும் தொடங்கவில்லை.

"அப்பா, காலை ஆட்டுறீங்கள்."

"இல்லையே."

"ஆட்டுறீங்கள். உங்களுக்குத் தெரியேல்லை, அதுகளுக்குத் தெரியுது."

தொடையை இரண்டு கையாலும் அமத்திப் பிடித்தேன். மூச்சை மெதுவாக விட்டேன். கனநேரம் கழித்துப் புல்லுக்குள் ஒன்று, கொறகொறவென்று, பரீட்சித்துப் பார்ப்பதுபோலத் தொடங்கியது. பிறகு என் கைக்கெட்டும் தூரத்தில் இன்னொன்று. பிறகு எல்லாம். அந்த இரைச்சல் எங்களை மூடியது. நான் அங்கே இருக்கிறேன் என்பதற்கு எனக்கே அத்தாட்சி இல்லாமல் போயிற்று. மகள் இருந்த பக்கம் திரும்பிப் பார்க்கவும் பயமாக இருந்தது.

சட்டைப் பைக்குள் போன் அதிர்ந்தது. மனைவி.

"எங்க இருக்கிறீங்கள்?" என்று கேட்டாள். "படலையில நிக்கிறன். எல்லாப் பக்கமும் கத்துது. ஒருத்தரும் இல்லாத மாதிரிக் கிடக்கு."

"மேட்டிலதான். ரெண்டு பேரும் இருக்கிறம்," என்றேன்.

என் குரலுக்கு எங்களைச் சுற்றி எல்லாம் ஒரேயடியாக நின்றது. மறுபக்கத்தில் அவள் மூச்சைப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ம்," என்றாள் பிறகு. "இப்ப விளங்குது. இனி ஆடாமல் இருக்காதேங்கோ. இடைக்கிடை கொஞ்சம் அசையுங்கோ."

மகள் பதிவை நிறுத்திவிட்டு, முதலிலிருந்து தொடங்கினாள்.